கோவம் யாரு மேல, காட்டுறது யாரு மேல?

கோவமே வரக்கூடாது, அதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லுங்கன்னு கேக்குறவங்க நிறைய பேரு இருக்காங்க, அவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன், அப்படி ஒரு வழி கிடையாது, இருந்தாலும் அது நமக்கு வேணாம். ரேஷன் கடை வாசல்ல ஒரு மணி நேரமா வெயில்ல நிக்குறீங்க, எங்கிருந்தோ ஒருத்தர் வந்து உள்ள தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு நேரா முன்னாடி போய் பையை நீட்டுறார், அப்ப சுள்ளுனு ஏறுது பாருங்க, அது ஏறலன்னாதான் பிரச்சனை. "இங்க ஒரு அநியாயம் நடக்குது, சும்மா நிக்காத"ன்னு உள்ளுக்குள்ள இருந்து வர்ற சத்தம் அது. உங்களுக்கே நடக்கணும்னு கூட இல்ல, முன்னாடி நிக்குற பாட்டிய ஒதுக்கித் தள்ளினாலும் நமக்கு ஏறும்.

கோவம் எதுக்கு வருதுன்னு பாத்தா பெரும்பாலும் மூணு நாலு காரணம்தான். நமக்கு வரவேண்டியது வரல, போற வழியில யாரோ குறுக்க நிக்குறாங்க, நம்மள மதிக்கல, இல்லன்னா நமக்கு வேண்டியவங்கள யாரோ சீண்டிட்டாங்க. நாலு மாசம், அஞ்சு மாசக் குழந்தையோட கைய அசையவிடாம பிடிச்சுப் பாருங்க, மூஞ்சி சிவந்து கத்தும், அதுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா? பொறக்கும்போதே கூட வர்ற சமாச்சாரம்.

இன்னொண்ணும் இருக்கு. கோவம் பல நேரம் முன்னாடி வந்து நிக்கும், பின்னாடி வேற ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். குழந்தை கையை உதறிட்டு ரோட்டுல ஓடிடுச்சு, பஸ் பிரேக் போட்டு நிக்குது, அம்மா ஓடிப்போய் இழுத்துட்டு வந்து முதல் வேலையா முதுகுல ரெண்டு வைப்பாங்க, அப்புறம்தான் கட்டிப்பிடிச்சு அழுவாங்க. அது கோவமா? பயம். அதே மாதிரி கடன்காரன் போன் பண்ணிட்டு வச்ச உடனே பொண்டாட்டி மேல எரிஞ்சு விழுறவருக்கு உள்ள இருக்குறது அவமானம். ராத்திரி ஒன்பது மணிக்கு "இன்னொரு தோசை"ன்னு கேட்ட புள்ளைய திட்டுற அம்மாவுக்கு இருக்குறது வெறும் அசதி, காலைல அஞ்சு மணிக்கு எழுந்திருச்சவங்க.

1980கள்ல ஜேம்ஸ் ஏவரில்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் சாதாரண ஜனங்ககிட்ட தினப்படி கோவத்தப் பத்தி கேட்டுப் பாத்தார். விரோதிங்க மேல வர்ற கோவத்த விட வீட்டு ஆளுங்க, ஃப்ரெண்ட்ஸ், தெரிஞ்சவங்க மேல வர்ற கோவம்தான் ஜாஸ்தியா இருந்துச்சு. அதோட, கோவத்துக்கு ஆளானவங்கள்ல நிறைய பேரு "அப்புறம்தான் என் தப்பு எனக்கே புரிஞ்சுது"ன்னு சொன்னாங்க. அதாவது சரியான ஆளுகிட்ட, சரியான விஷயத்துக்கு, தாங்குற அளவுல காட்டுன கோவம் வேலை செய்யுது. நம்ம ஊர்ல சிக்கல் எங்க வருதுன்னா அந்த "சரியான ஆளு"லதான். மேனேஜர் மேல வந்தத மேனேஜர்கிட்ட காட்ட முடியாது, வேலை போயிடும். மாமியார் மேல வந்தது பாத்திரத்து மேல போகும், அங்கிருந்து புள்ள மேல போகும். எங்க காட்டினா நமக்கு ஒண்ணும் ஆகாதோ அங்க காட்டுறோம், அவ்ளோதான் விஷயம். அதனால கோவம் வந்த உடனே கேக்கவேண்டிய முதல் கேள்வி, இது யாருக்குப் போகவேண்டிய கோவம்ங்குறது. இத ஒண்ண மட்டும் பழகிட்டாலே வீட்டுல பாதி சண்டை குறையும்னு நான் நினைக்குறேன்.

உடம்புக்குள்ள என்ன நடக்குது

1915லயே வால்டர் கேனன்னு ஹார்வர்ட்ல இருந்த ஒரு ஆராய்ச்சியாளர் இத எழுதிட்டார். கோவமோ பயமோ வந்தா உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ ரெடியாகுது, அட்ரினலின்ங்குற ஹார்மோன் சுரக்குது, நெஞ்சு படபடக்குது, பிபி ஏறுது, கல்லீரல் சர்க்கரைய ரத்தத்துல விடுது, வயித்துக்குப் போற ரத்தம் குறைஞ்சு கை கால் தசைக்குப் போகுது. சாப்பிடும்போது சண்டை போட்டா சோறு நெஞ்சுலயே நிக்குற மாதிரி இருக்குறது இதனாலதான். காட்டுல மிருகம் துரத்துற காலத்துக்கு இது ரொம்ப நல்ல ஏற்பாடு, இப்ப ஆபீஸ் சேர்ல உக்காந்துக்கிட்டு மெயில் படிக்கும்போதும் அதே ஏற்பாடு முழுசா ஓடுது, ஆனா ஓடவும் இல்ல அடிக்கவும் இல்ல, அப்படியே உள்ளயே நின்னுடுது.

2024ல கொலம்பியா யுனிவர்சிட்டி ஆளுங்க ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. நல்ல ஆரோக்கியமா இருந்த 280 பேரை எடுத்துக்கிட்டு, சிலர்கிட்ட பழைய கோவமான சம்பவம் ஒண்ண 8 நிமிஷம் நினைச்சுப் பேசச் சொன்னாங்க, சிலர்கிட்ட கவலை, சிலர்கிட்ட துக்கம், மிச்சப் பேரை சும்மா ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணச் சொன்னாங்க. கோவத்த நினைச்சவங்களுக்கு ரத்தக்குழாய் விரிஞ்சு கொடுக்குற தன்மை குறைஞ்சுது, 40 நிமிஷம் வரைக்கும் அப்படியே இருந்துச்சு. யாரும் கத்தல, யாரும் அடிக்கல, வெறுமனே நினைச்சதுக்கே இது. ராத்திரி படுத்துக்கிட்டு "அவன் அப்படிச் சொன்னப்ப நான் இப்படிக் கேட்டிருக்கணும்"னு ஓட்டிப் பாக்குறோமே, அப்ப உடம்பு என்ன பாடுபடும்னு நீங்களே பாத்துக்குங்க.

52 நாடுகள்ல மாரடைப்பு வந்தவங்கள வச்சு நடந்த பெரிய ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, இன்டர்ஹார்ட்னு பேரு. 2016ல அதுல இருந்து வந்த கணக்கு, கடும் கோவமோ மனக்கொந்தளிப்போ வந்த அடுத்த ஒரு மணி நேரத்துல மாரடைப்பு வர்ற வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல. அந்த நேரம் பாத்து உடம்பையும் போட்டு கடுமையா வருத்தினா மூணு மடங்கு. பயந்துடாதீங்க, இருபத்தஞ்சு வயசுல நல்லா இருக்குறவனுக்கு அந்த ஒரு மணி நேர வாய்ப்பே ரொம்ப ரொம்பச் சின்னது, அது இரண்டு மடங்கானாலும் சின்னதுதான். ஆனா பிபி இருக்கு, சுகர் இருக்கு, ஏற்கனவே ஸ்டென்ட் வச்சிருக்கு, சிகரெட்டும் விடலன்னா அவங்க கணக்கு வேற. அந்த வயசான அப்பாகிட்ட போய் சொத்து விஷயத்த எடுத்து மல்லுக்கட்டுறவங்களும் இத கொஞ்சம் யோசிக்கணும்.

புருஷன் பொண்டாட்டி சண்டைக்கும் காயம் ஆறுறதுக்கும் சம்பந்தம் இருக்குன்னா நம்புவீங்களா? 2005ல ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில 42 தம்பதிங்களுக்கு கையில சின்னச் சின்ன கொப்புளம் உண்டாக்கி, ஒரு தடவை அனுசரணையா பேச விட்டாங்க, இன்னொரு தடவை அவங்களுக்குள்ள ஒத்துவராத விஷயத்த எடுத்துப் பேச விட்டாங்க. தகராறு பேசின தடவை காயம் ஆற லேட்டாச்சு. எப்பவுமே குத்திக்குத்திப் பேசுற ஜோடிங்களுக்கு ஆறுற வேகமே மத்தவங்களோட வேகத்துல 60 சதவீதம்தான் இருந்துச்சு.

கொட்டித் தீத்தா போயிடுமா

"மனசுல வச்சுக்காத, கத்தித் தீத்துடு"ன்னு சொல்லுவாங்க. தலையணைய குத்து, பழைய தட்ட உடைன்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க. இது நல்லா இருக்குற மாதிரி தோணும், ஆனா வேலை செய்யாது. பிராட் புஷ்மேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2002லயே பாத்துட்டார், கோவப்படுத்தினவனை நினைச்சுக்கிட்டே குத்துப்பையை குத்தினவங்களுக்கு கோவம் ஏறுச்சே தவிர இறங்கல, ஒண்ணும் பண்ணாம சும்மா உக்காந்திருந்தவங்க அதவிட நல்லா இருந்தாங்க. 2024ல அவரும் இன்னொருத்தரும் சேர்ந்து 154 ஆராய்ச்சிகள, மொத்தம் 10,189 பேரோட கணக்க ஒண்ணா போட்டுப் பாத்தாங்க, அதுலயும் இதே கதைதான். உடம்போட வேகத்த இறக்குற வேலைங்க, அதாவது மெதுவா மூச்சு விடுறது, தியானம், யோகா இதெல்லாம் கோவத்த குறைக்குது, வேகத்த ஏத்துற வேலைங்க குறைக்கல, ஜாகிங் இன்னும் கொஞ்சம் ஏத்தக்கூட செஞ்சுது. அதனால வீட்டுல சண்டை போட்டுட்டு பைக்க முறுக்கிட்டு போறதோ, நேரா ஜிம்முக்குப் போய் வெயிட்ட தூக்குறதோ வேணாம். தினமும் நடக்குறது, ஓடுறது எல்லாம் உடம்புக்கு நல்லதுதான், நான் சொல்றது அந்த நேரத்துக்கு.

அப்ப முழுங்கிடலாமா? அதுவும் இல்ல. முழுங்கின கோவம் எங்கயும் போகாது. கல்யாணப் பத்திரிகையில தன் பேர் விட்டுப்போச்சுன்னு பெரியப்பா ஒருத்தர் அன்னைக்கு ஒரு வார்த்தை கேக்க மாட்டார், மண்டபத்துக்கு வருவார், மொய் எழுதுவார், சாப்பிடாம கிளம்பிடுவார். அடுத்து அவர் வீட்டு காதுகுத்துக்கு இவங்களுக்கு பத்திரிகை தபால்ல வரும், நேர்ல வந்து வைக்க மாட்டாங்க. "நேர்ல வந்து கூப்பிடலையே"ன்னு இவங்க போக மாட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு ஒரு சாவு வீட்டுல எதிரெதிரா உக்காந்திருக்கும்போது எதுக்குப் பேசுறதில்லன்னே பாதிப் பேருக்கு மறந்து போயிருக்கும். பிரின்ட் போட்டவன் ஒரு வரிய விட்டிருப்பான், அவ்ளோதான் நடந்தது. "என்னப்பா, என் பேரக் காணோமே, எனக்கு மனசு சங்கடமா இருக்கு"ன்னு அன்னைக்கே ஒரு போன் போட்டிருந்தா பத்து நிமிஷம் கசப்பா இருந்திருக்கும், முடிஞ்சிருக்கும்.

சரி, ஏறும்போது என்ன பண்றது

ஒவ்வொருத்தருக்கும் ஏறுறதுக்கு முன்னாடி உடம்பு ஒரு சிக்னல் கொடுக்கும். சிலருக்கு காது மடல் சூடாகும், சிலருக்கு தாடை இறுகும், சிலருக்கு குரல் திடீர்னு தாழும், கால் ஆட ஆரம்பிக்கும். உங்களோடது எதுன்னு உங்களுக்குத் தெரியலன்னா வீட்டுல கேளுங்க, அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

சிக்னல் வந்தாச்சுன்னா பேச்ச நிறுத்துங்க. தம்பதிங்க சண்டைய பல வருஷம் வீடியோ எடுத்து ஆராய்ச்சி பண்ணின ஜான் காட்மேன் சொல்றது என்னன்னா, இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு 100ஐ தாண்டிட்டா எதிர்ல இருக்குறவங்க சொல்றது நமக்கு ஏறாது, குறைஞ்சது 20 நிமிஷமாவது ஆகும் உடம்பு இறங்க. அதனால ஒரு அரை மணி நேரம் இடைவெளி விடணும். ஆனா எப்படி எழுந்து போறோம்ங்குறது முக்கியம். கதவ படார்னு சாத்திட்டு போனா அதுவே இன்னொரு சண்டை. "இப்ப பேசினா வாய்க்கு வந்தத சொல்லிடுவேன், மாடிக்கு போயிட்டு வர்றேன், எட்டரைக்கு பேசலாம்"னு நேரம் சொல்லிட்டுப் போங்க. எட்டரைக்கு வாங்க. வராம விட்டா அடுத்த தடவை உங்கள போக விடமாட்டாங்க, அது நியாயம்தானே.

அந்த அரை மணி நேரத்துல மூச்ச உள்ள இழுக்குறத விட வெளிய விடுறத நீளமா பண்ணுங்க, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டா நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும், அது போதும். மனசுக்குள்ள வாதத்த ஓட்டாதீங்க, அதுதான் ரொம்ப முக்கியம், ஓட்டினா அரை மணி நேரமும் வேஸ்ட். துணி மடிங்க, செடிக்கு தண்ணி ஊத்துங்க. அப்புறம் கேட்டுப் பாருங்க, சாப்பிட்டோமா, நேத்து தூங்கினோமா. இத சாதாரணமா நினைக்காதீங்க, 2007ல வந்த ஒரு மூளை ஸ்கேன் ஆராய்ச்சியில, ஒரு ராத்திரி முழுக்க தூங்காதவங்களோட மூளையில உணர்ச்சிய கிளப்புற அமிக்டலாங்குற பகுதி 60 சதவீதம் அதிகமா துள்ளுச்சு. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தவர்கிட்ட ஸ்கூல் ஃபீஸ் பேச்ச எடுக்குறது யாருக்கும் நல்லதில்ல.

ஃபேமிலி குரூப்புல ராத்திரி பதினோரு மணிக்கு ரிப்ளை பண்றவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. டைப் பண்ணுங்க, எவ்ளோ வேணும்னாலும் பண்ணுங்க, ஆனா அந்த குரூப்புல பண்ணாதீங்க, நோட்ஸுல பண்ணுங்க. கை தவறி அனுப்பிட்டு டெலிட் பண்ணினாலும் "இந்த மெசேஜ் நீக்கப்பட்டது"ன்னு நிக்கும், அதப் பாத்துட்டு மச்சான் என்ன நினைப்பாருன்னு அது தனி கதை. வாய்ஸ் நோட் இன்னும் மோசம், அத நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணிக் கேப்பாங்க.

வாயத் திறக்கும்போது

கேஸ் தீந்துபோச்சு, சிலிண்டர் புக் பண்ணல, அடுப்புல பாதி வெந்த சாம்பார். "உங்களுக்கு எப்பவுமே வீட்டு நினைப்பு கிடையாது, உங்க அம்மா வளர்த்த லட்சணம்"னு ஆரம்பிச்சா சிலிண்டர் பேச்சு அங்கயே செத்துடும், அடுத்த ஒரு மணி நேரம் அம்மாவப் பத்திதான் போகும். "போன வாரமே புக் பண்ணச் சொன்னேன், நீங்களும் சரின்னீங்க, இப்ப பாதியில நிக்குது, எனக்கு கோவமா வருது. இப்போதைக்கு பக்கத்து வீட்டு சிலிண்டர கேட்டு வாங்கிட்டு வாங்க, இனிமே புக்கிங் உங்க போன்ல இருக்கட்டும்." இதுல கோவம் குறைவா இருக்கா? இல்ல. ஆனா நடந்தது ஒண்ணு, அதனால வந்த கஷ்டம் ஒண்ணு, இப்ப என்ன பண்ணணும்ங்குறது ஒண்ணு, அதத் தாண்டி எதுவும் உள்ள வரல. "எப்பவுமே", "ஒரு தடவையாவது", "உங்க வீட்டு ஆளுங்களே" இந்த மூணு வார்த்தையும் வந்தா சண்டை திசை மாறிடுச்சுன்னு அர்த்தம். நக்கல் அதவிட மோசம். காட்மேன் கணக்குல கல்யாணம் முறியுறதுக்கு பெரிய அறிகுறி கத்துறது இல்ல, எதிர்ல இருக்குறவங்கள இளக்காரமா பாக்குறது, கண்ண உருட்டுறது, மட்டம் தட்டுறது.

பெரியவங்ககிட்ட இது அப்படியே எடுபடாது. "நீங்க இப்படிச் செஞ்சப்போ நான் இப்படி உணர்ந்தேன்"னு புஸ்தகத்துல இருக்குற மாதிரி மாமியார்கிட்ட போய் சொன்னா சிரிப்பாங்க, இல்ல "என்னடி நாடகம்"னு கேப்பாங்க. ஆள் இருக்கும்போது வேணாம், தனியா, காபி போட்டுக் கொடுத்துட்டு, "அத்தை, நேத்து சித்தி முன்னாடி என் சமையல அப்படிச் சொன்னது எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, குறை இருந்தா என்கிட்ட தனியா சொல்லுங்க, நான் மாத்திக்குறேன்"னு சொல்லிட்டு நிறுத்திடணும். உடனே மன்னிப்பு வரும்னு எதிர்பாக்காதீங்க, வராது. அடுத்த தடவை சித்தி வரும்போது வாய மூடிக்கிட்டா அதுதான் பதில்.

மேனேஜர்கிட்ட காட்டவே முடியாத கோவத்த என்ன பண்றது? வீட்டு வாசல்ல செருப்ப கழட்டும்போதே சொல்லிடுங்க, "இன்னைக்கு ஆபீஸ்ல செம டென்ஷன், உங்க மேல எதுவும் இல்ல, ஒரு பத்து நிமிஷம் விடுங்க." வீட்டுல இருக்குறவங்களுக்கு இந்த ஒரு வரி எவ்ளோ நிம்மதின்னு சொன்னவங்களுக்குத் தெரியாது, கேட்டவங்களுக்குத்தான் தெரியும். குழந்தைங்களுக்கு இது இன்னும் தேவை, ஏன்னா அப்பா உம்முனு இருந்தா தான்தான் ஏதோ பண்ணிட்டோம்னு அதுங்க நினைச்சுக்கும். அடிச்சுட்டோ கத்திட்டோ அப்புறம் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து சரிக்கட்டாதீங்க, "அப்பா கத்தினது தப்பு, நீ நோட்ட தொலைச்சது பத்தி நாளைக்கு பேசுவோம்"னு ரெண்டையும் தனித்தனியா சொல்லுங்க.

டாக்டர்கிட்ட போகவேண்டிய கோவம்

சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்குறவர் திடீர்னு காரணமில்லாம எரிஞ்சு விழுறார், வேர்க்குது, கை நடுங்குது, பேச்சு குழறுதுன்னா வாக்குவாதம் பண்ணாம முதல்ல சுகர் செக் பண்ணுங்க. 70க்கு கீழ இருந்தா மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணியில கலக்கிக் கொடுங்க, கால் மணி நேரம் கழிச்சு திரும்ப பாருங்க. மயக்கமா இருந்தா வாயில எதுவும் ஊத்தாம 108ஐ கூப்பிடுங்க. தைராய்டு அதிகமா சுரந்தாலும் படபடப்போட எரிச்சல் வரும். குறட்டை விட்டு தூக்கம் கெட்டவங்க, மாதவிடாய் நிக்குற வயசுல இருக்குற பெண்கள், தீராத வலியில இருக்குறவங்க, இவங்க எரிச்சல "சுபாவம்"னு ஒதுக்கிடுறோம். மன அழுத்த நோய் ஆம்பளைங்களுக்கு பல நேரம் அழுகையா வராது, கோவமா வரும், குடியா வரும். சாதுவா இருந்த தாத்தா ரெண்டு நாள்ல ஆளே மாறி கத்துறார்னா அது கிருமித்தொற்றா கூட இருக்கலாம், காட்டிடுங்க. மனசு சம்பந்தமா பேச 14416க்கு போன் பண்ணலாம், டெலிமானஸ்ங்குற அரசு உதவி எண் அது, 2022ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

கடைசியா, அடிக்குற ஆளுங்களப் பத்தி. "அவருக்கு கோவம் மட்டும்தான், மத்தபடி தங்கமான மனுஷன்", "கோவம் இருக்குற இடத்துலதான் குணம் இருக்கும்"னு ஊரே சமாதானம் சொல்லும். ஒண்ணே ஒண்ண கவனிங்க, அவர் மேனேஜர்கிட்ட கை ஓங்குறாரா, போலீஸ்காரர்கிட்ட ஓங்குறாரா? இல்லல்ல? அப்ப அவரால அடக்க முடியுது, உங்ககிட்ட அடக்க வேணாம்னு வச்சிருக்கார். இந்த இடத்துல நான் மேல சொன்ன மூச்சு, இடைவெளி, வார்த்தைய பாத்துப் பேசுறது எல்லாம் உங்க வேலை இல்ல, நீங்க எவ்ளோ பதமா பேசினாலும் அடி விழும். 181 பெண்கள் உதவி எண், 24 மணி நேரமும் இருக்கும், புள்ளைங்களுக்குன்னா 1098. ஆதார், பேங்க் பாஸ்புக், புள்ளைங்க சர்டிபிகேட் இதோட காப்பிய அம்மா வீட்டுலயோ நம்பிக்கையான ஒருத்தர்கிட்டயோ கொடுத்து வைங்க, கொஞ்சம் பணத்த தனியா வைங்க, பக்கத்து வீட்டு அக்காகிட்ட "சத்தம் கேட்டா கதவத் தட்டுங்க"ன்னு முன்கூட்டியே சொல்லி வைங்க.